கிடார் ஆம்ப்ளிபயர் விற்பனை: கடைக்காரர் கவனிக்க வேண்டியவை

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைச் சுற்றிக் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை. வரவேற்பு என்றால் மெல்லிசைக் கச்சேரி என்பது வழக்கமாகிவிட்டது. ஆடி மாதத்தில் திருவேற்காடு வட்டாரத் தெருக்களில் கூழ் வார்க்கும் இடங்களிலும் இன்னிசை மேடை போடுகிறார்கள். சவீதா பல் மருத்துவக் கல்லூரி, ஏ.சி.எஸ். மருத்துவக் கல்லூரி என்று நம் பகுதியில் மாணவர் கூட்டமும் உண்டு. ஆகவே எலெக்ட்ரிகல் கடை, மைக் செட் கடை, இசைக்கருவிக் கடை நடத்தும் நம் உறுப்பினர்களிடம், "கிடாருக்கு ஒரு ஆம்ப்ளிபயர் வேணும் அண்ணாச்சி, விலை கம்மியா" என்று கேட்டு வருபவர்களைப் பற்றி இம்மாதம் எழுதுகிறோம்.

இப்படி வருபவர் பெரும்பாலும் மாணவராகவோ, பகலில் வேலைக்குப் போய் இரவில் வாசிப்பவராகவோ இருப்பார். சேர்த்த காசு முழுவதையும் ஒரே பெட்டியில் போடப் போகிறார். பொருந்தாத பெட்டியைக் கொடுத்தால் முதல் கச்சேரியிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். அதன்பின் அவரும் வரமாட்டார், அவருடைய குழுவும் வராது. அண்ணா சாலையில் 1842 முதல் நடந்துவரும் மியூசி மியூசிக்கலும், ரிச்சி தெருவும் நமக்குப் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

கூட்டத்துக்குப் பேசப் பயன்படும் அகூஜா வகை ஆம்ப்ளிபயரிலோ வீட்டு ஸ்டீரியோவிலோ எலெக்ட்ரிக் கிடாரை நேராகச் செருகினால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சத்தம் வரும், ஆனால் கிடார் சத்தமாக இராது. கிடாரின் பிக்கப்புக்கு ஏறத்தாழ ஒரு மெகா ஓம் இன்புட் வேண்டும். மைக் இன்புட்டில் சில ஆயிரம் ஓம்தான் இருப்பதால் ஓசை மங்கிப் போகிறது. மேலும் கிடார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் ஒலிக்காது. அந்தக் குறையே அதன் நிறை. டிஸ்டார்ஷன் போட்டு வாசிக்கும்போது எல்லா ஓசையும் ஒலிக்கும் மைக் செட் ஸ்பீக்கரில் வண்டு ரீங்காரம் போலக் கேட்பது, இதே வாசிப்பு கிடார் ஸ்பீக்கரில் உருண்டையாக வரும். இதே காரணத்தால் கீபோர்டு வாசிப்பவருக்குக் கிடார் பெட்டியை விற்கக் கூடாது. பேஸ் கிடாருக்கும் கூடாது. சாதாரணக் கிடாரின் கடைசிக் கம்பி 82 ஹெர்ட்ஸ் என்றால் பேஸ் கிடாருடையது 41 ஹெர்ட்ஸ். சத்தம் கூட்டி வாசித்தால் கிடார் ஸ்பீக்கரின் கோன் கிழியவும் கூடும்.

அடுத்தது வாட் கணக்கு. பண விரயம் அதிகம் நடப்பது இங்கேதான். 50 வாட்டை விட 100 வாட் இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று வாங்குபவர் நம்புகிறார், விற்பவரும் பேசாமல் இருந்துவிடுகிறார். உண்மையில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். விலையோ அப்படி மெல்ல ஏறுவதில்லை. வாட்டை விட ஸ்பீக்கரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று ஸ்பீக்கர் விவரத்தில் போட்டிருப்பார்கள். 100 டெசிபல் ஸ்பீக்கர் உள்ள 50 வாட் பெட்டியும், 97 டெசிபல் ஸ்பீக்கர் உள்ள 100 வாட் பெட்டியும் சத்தத்தில் ஒன்றே.

அதற்காக 10 வாட் பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட முடியாது. டிரம்ஸ் பக்கத்தில் அது காணாமல் போய்விடும், வீட்டில் பழகுவதற்குத்தான் ஆகும். நம் மண்டபங்களுக்கு 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கருடன் 30, 40 வாட் டிரான்சிஸ்டர் பெட்டி தாராளம் என்பது நம் கருத்து. ஏனென்றால் கூட்டத்துக்குச் சத்தம் கொண்டுபோவது கிடார்காரரின் வேலை அல்ல. அதற்கு மைக் செட்காரர் இருக்கிறார். பெட்டியில் லைன் அவுட் இருந்தால் மிக்சருக்கு ஒரு கேபிள் போதும், இல்லாவிட்டால் ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும். வால்வு ஆம்ப்ளிபயரின் ஓசைக்கு ஈடில்லை என்பார்கள், நாமும் மறுக்கவில்லை. ஆனால் வால்வு தேய்மானப் பொருள், மாற்று வால்வு நினைத்தவுடன் கிடைக்காது, டாட்டா ஏஸில் குலுங்கிப் போவதும் அதற்கு ஆகாது. 1975-ல் வந்த ரோலண்ட் ஜே.சி. 120 டிரான்சிஸ்டர் வகைதான். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கருடன் இன்றும் உலகெங்கும் மேடைகளில் நிற்கிறது. அதை விலைக்கு வாங்கச் சொல்லவில்லை. சவுண்ட் சர்வீஸ் நடத்தும் உறுப்பினர் அப்படி ஒன்றை வாடகைக்கு வைத்தால் முதல் திரும்பலாம்.

செலவில்லாத ஒரு யோசனையையும் சொல்லி அனுப்பலாம். பெட்டியைத் தரையில் வைத்தால் ஓசை வாசிப்பவரின் முழங்காலுக்குப் போகிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் சத்தத்தைக் கூட்டுவார், முதல் வரிசை காதைப் பொத்தும். நாற்காலி மேல் சற்றுச் சாய்த்து வைத்தால் பாதி சத்தத்திலேயே வேலை முடியும்.

இனிச் சொல்வதை எலெக்ட்ரிகல் கடைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கச்சேரியில் "ம்ம்ம்" என்று இரைச்சல் வந்தால் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் உண்டு. இரைச்சல் நிற்கும், ஆபத்து தொடங்கும். கிடார் கம்பி ஆம்ப்ளிபயரின் உடம்போடு இணைந்திருக்கிறது. அதில் கசிவு இருந்து, கம்பியைப் பிடித்தபடி வாசிப்பவர் மைக்கில் வாய் வைத்தால் மின்சாரம் அவர் உடல் வழியே பாயும். 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு 27 வயதில் இறந்தார். ஜெனரேட்டரில் ஓடும் நம் தெரு மேடைகளுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. எர்த்தை வெட்ட இரண்டு பின் அடாப்டர் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆம்ப்ளிபயரையும் மிக்சரையும் ஒரே போர்டில் செருகச் சொல்லுங்கள். அப்படியும் இரைச்சல் இருந்தால் கிரவுண்ட் லிப்ட் உள்ள டி.ஐ. பாக்ஸ் விற்கலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் போர்டு செய்து வைத்தால் நல்ல சரக்காகப் போகும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டி என்று ரிப்பேருக்கு வந்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள். 120 வோல்ட் என்று போட்டிருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகக் கூடாது. பழைய பெட்டியை விலைக்கு எடுக்கும்போது கால் மணி நேரம் முழுச் சத்தத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு குமிழையும் திருப்பிக் கரகரப்பு வருகிறதா என்று கேட்டு, ஜாக்கை அசைத்துப் பார்த்த பிறகே பணத்தை எண்ண வேண்டும்.

கொள்முதல் விஷயத்தில், 100 வாட் பெட்டிகளை வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். கடையில் 10 வாட்டில் ஒன்று, 40 வாட்டில் இரண்டு இருந்தால் போதுமானது. ஷீல்டு கேபிள், ஜாக் பின், கம்பி செட் ஆகியவை மாதாமாதம் நகரும். கிடார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகக் கேட்பவருக்கு வேறு கேபிள் எடுத்துக் கொடுங்கள், மெல்லிய கேபிள் சூடேறிவிடும். பில் போடுமுன் வாடிக்கையாளரைத் தம் கிடாரையே கொண்டுவரச் சொல்லி, கடை வாசலில் வாசிக்க வைத்துக் கொடுப்பது நல்லது. பக்கத்துக் கடைக்காரர் கோபிக்காத நேரமாகப் பார்த்துச் செய்யவும்.