சர்ஜரி எடுக்கலாமா?

எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது: "சர்ஜரி எடுத்தால் வீட்டுப் பக்கம் வரமுடியுமா?" டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசுவோம்.

எம்.எஸ். முதலாண்டு என்றால் விடிகிறபோதே வார்டில் இருக்கவேண்டும். சீஃப் ரவுண்ட்ஸ் வருவதற்குள் கட்டு மாற்றி, வடிகுழாயில் எத்தனை மில்லி வந்தது என்று அளந்து எழுதி, ரத்தப் பரிசோதனை முடிவுகளை வாங்கி வைக்கவேண்டும். பிறகு தியேட்டர். அங்கேயும் கத்தி கைக்கு வராது. ரிட்ராக்டரை இழுத்துப் பிடித்தபடி நிற்பதுதான் வேலை. மாலையில் டிஸ்சார்ஜ் சம்மரி, நாளைய கேஸ்களுக்கு ரத்தம். யூனிட்டுக்கு அட்மிஷன் நாள் என்றால் குடல்வால் வெடித்தவரும் விபத்தில் அடிபட்டவரும் இரவெல்லாம் வந்துகொண்டிருப்பார்கள். விடிந்ததும் மறுபடி ரவுண்ட்ஸ்.

இதற்கு வரம்பே இல்லையா? உண்டு. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்களின் ஓயாத டியூட்டியைப் பற்றி அங்கே பெரிய விவாதம் எழுந்தது. 2003 முதல் அமெரிக்கா முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. ஐரோப்பாவில் 48. இந்தியாவிலும் 1992இலேயே மத்திய அரசு 48 மணி என்று எழுதிவைத்தது. எழுதியதோடு சரி.

நேரத்தைக் குறைத்தால் கை பழகாது என்பது மூத்தவர்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. 80 மணி வரம்பை அப்படியே வைத்துக்கொண்டு, தொடர் டியூட்டிக்கான கட்டுப்பாட்டை மட்டும் தளர்த்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. நோயாளிகளுக்குக் கூடுதல் பாதிப்பு தெரியவில்லை. ஆனால் குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் நேரமில்லை என்று தளர்த்திய குழுவின் மருத்துவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஆக, விலை கொடுப்பது மருத்துவரின் வீடு.

படிப்பு முடிந்தபின் நிலைமை பிரிவுக்குப் பிரிவு மாறும். கண், காது-மூக்கு-தொண்டைப் பிரிவுகளில் பெரும்பாலும் தேதி குறித்துச் செய்கிற அறுவைதான். நரம்பியல் அறுவையிலும் விபத்துச் சிகிச்சையிலும் போன் நள்ளிரவில்தான் அடிக்கும்.

ஆகவே கவுன்சிலிங்குக்கு முன் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அங்கே படிக்கிற சீனியரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: ஒரு யூனிட்டில் எத்தனை பிஜிக்கள்? இரவு டியூட்டி முடிந்த மறுநாள் உண்மையிலேயே விடுகிறார்களா? பதில் தெரிந்தபின் முடிவெடுங்கள்.