மழைக்கு முன் சேமிப்பு

ஊவா மலைநாட்டில் ஐப்பசி முதல் மார்கழி வரை அடைமழைக் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கியபோது, மண்சரிவால் பதுளை மாவட்டத்துப் பாதைகள் பல அடைபட்டன. ஆதலால், ஒரு வாரத்துக்குரிய அரிசி, பருப்பு, கோதுமை மா, உப்பு ஆகியவற்றை மூடியுள்ள தகரங்களில் இட்டு, தரையீரம் படாத உயரத்தில் முன்கூட்டியே வைத்தல் வேண்டும். உலர்ந்த விறகும் நெருப்புப்பெட்டியும் உடனிருத்தல் அவசியம்.

ஆயினும், 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்தபோது லயன் வீடுகளே புதையுண்டன. அத்தகைய வேளையில் வீட்டிலுள்ள அரிசி உதவாது. எனவே அவல், வெல்லம், பிஸ்கட், கொதித்தாறிய நீர், குழந்தைகளுக்குரிய பால்மா ஆகியவற்றை ஒரு பையிலிட்டு வாயிலருகே வைத்தல் நன்று. வெளியேறும்படி அறிவிப்பு வந்ததும் அதனை எடுத்துக்கொண்டு புறப்படலாம். அடுப்பிலுள்ள சோற்றுக்காகத் தாமதிக்க வேண்டியதில்லை.