108ல் போனை எடுப்பவர் படிக்க வேண்டிய பாடம்

108 என்ற எண்ணை டயல் செய்தால் ஆம்புலன்ஸ் வரும் என்பது இன்று பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். தமிழ்நாட்டில் இந்தச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. சைரன் ஒலியும், ஓட்டுநரும், வண்டிக்குள் இருக்கும் மருத்துவ உதவியாளரும் நம் கண்ணுக்குத் தெரிகிறார்கள். ஆனால் நம் குரலை முதலில் கேட்பவர் இவர்கள் யாரும் அல்ல. சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில், தலையில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர் திரை என்று உட்கார்ந்திருக்கும் ஒருவர்தான். அவரை நாம் பார்ப்பதே இல்லை.

வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருக்கு 50 நாள், ஓட்டுநருக்கு 10 நாள் வகுப்பறைப் பயிற்சி என்று 108 வேலைவாய்ப்பு அறிவிப்புகளில் படித்திருப்பீர்கள். போனை எடுப்பவருக்கு அப்படி என்ன பெரிய பயிற்சி வேண்டும், எல்லாவற்றையும் கம்ப்யூட்டர்தான் பார்த்துக் கொள்ளுமே என்று தோன்றலாம். கம்ப்யூட்டரால் எதுவரை முடியும், எங்கே அது நின்று போகிறது என்பதை ஜவ்வாது மலையை வைத்தே பார்ப்போம்.

ஒரு ரிங், நான்கு வேலை

அவசர அழைப்பு மையத்தில் டெலிபோனும் கம்ப்யூட்டரும் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரு சாப்ட்வேர் இணைக்கிறது. அழைப்பு வந்ததும் அழைத்தவரின் எண் தானாகவே திரையில் தெரியும். கூடவே ஒரு படிவமும் திறக்கும். போனை எடுத்தவர் பேசிக்கொண்டே அதில் விவரங்களை டைப் செய்கிறார். இது முதல் வேலை.

இரண்டாவது, சம்பவ இடத்தை டிஜிட்டல் வரைபடத்தில் குறிப்பது. மூன்றாவது, அந்த இடத்துக்கு அருகில் காலியாக உள்ள வண்டியைக் கண்டுபிடிப்பது. ஆம்புலன்ஸ்களில் ஜிபிஎஸ் கருவி பொருத்தியிருப்பதால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்பது திரையில் தெரியும். நான்காவது, வண்டியை அனுப்பி, அது வந்து சேரும் வரை அழைத்தவருக்கு வழி சொல்வது.

இந்த நான்கில் மூன்றாவது வேலையைக் கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும். முதல் இரண்டும் சரியாக நடந்தால்தான் அதற்குப் பலன். தவறான இடத்தைக் கொடுத்தால், தவறான இடத்துக்கு மிக அருகில் உள்ள வண்டியை மிகச் சரியாகக் காட்டும்.

செல்போன் டவர் சொல்லும் 'இடம்'

செல்போனில் பேசினால் நாம் இருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் நெட்வொர்க்குக்கு முதலில் தெரிவது, நாம் எந்த டவரின் எந்தப் பக்கத்தோடு இணைந்திருக்கிறோம் என்பதுதான். பொதுவாக ஒரு டவரின் சுற்றளவை மூன்று பங்காகப் பிரித்து, பங்குக்கு 120 டிகிரி வீதம் ஆண்டெனா வைக்கிறார்கள்.

டவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதையும் சிக்னல் வந்து சேரும் நேரத்தைக் கொண்டு கணிக்கலாம். 2ஜி முறையில் இந்த அளவுகோலின் ஒரு படி சுமார் 550 மீட்டர். டவரிலிருந்து 5 கி.மீ. தூரத்தில் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். அவர் இருக்கும் இடமாகக் கிடைப்பது 550 மீட்டர் அகலமும் 10 கி.மீ.க்கு மேல் நீளமும் கொண்ட ஒரு வில். 4ஜியில் இந்தப் படி 80 மீட்டருக்கும் கீழே குறைகிறது. ஆனால் வில்லின் நீளம் குறைவதில்லை.

சென்னையில் தெருவுக்குத் தெரு டவர் இருப்பதால் இந்த வில் சிறியது. மலையில் டவர்கள் குறைவு. ஒரே வில்லுக்குள் பல குக்கிராமங்கள், நடுவில் ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு காட்டு ஓடைகள் எல்லாம் அடங்கிவிடும். அப்போது வரைபடம் பயன்படாது. "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விதான் பயன்படும். அதை எப்படிக் கேட்பது என்பதுதான் பயிற்சி.

ஜவ்வாது மலையில் கேட்க வேண்டிய கேள்வி

ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் பக்கம் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, நெல்லிவாசல் பக்கம் 2019 நவம்பரில் உருவான திருப்பத்தூர் மாவட்டம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தெருப் பெயர், கதவு எண் என்று இடம் சொல்வதில்லை. 'நாடு' என்பார்கள், 'கொல்லை' என்பார்கள், ஒரு மரத்தையோ கோயிலையோ அடையாளம் சொல்வார்கள்.

ஊர்ப் பெயர்களிலும் சிக்கல் இருக்கிறது. ஜவ்வாது மலையில் ஒரு கோவிலூர் உண்டு. காரைக்குடி அருகேயும் ஒரு கோவிலூர் உண்டு. மாநிலம் முழுவதற்கும் வரும் அழைப்புகளை எடுப்பவர் 'கோவிலூர்' என்று டைப் செய்துவிட்டு, பட்டியலில் முதலில் வரும் பெயரைக் கிளிக் செய்தால் என்ன ஆகும்? பயிற்சி பெற்றவர் அங்கே நின்று, "எந்த மாவட்டம்? பக்கத்தில் பெரிய ஊர் எது? பஸ் எங்கிருந்து வரும்?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளிக் செய்வார்.

அடுத்தது தூரம். வரைபடத்தில் 'அருகில்' என்று தெரிகிற வண்டி மலையின் மறுபக்க அடிவாரத்தில் நிற்கலாம். நேர்க்கோட்டில் சில கிலோமீட்டர்தான் என்றாலும், சாலை வழியாக மலையைச் சுற்றிக் கொண்டு வர வேண்டியிருக்கும். சாப்ட்வேர் மாவட்ட எல்லையைப் பெரிதாக எடுத்துக்கொண்டால், எல்லைக்கு அந்தப் பக்கம் நிற்கும் பொருத்தமான வண்டி விட்டுப் போகவும் கூடும். இரண்டையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியது மனிதர்தான்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. "வண்டி எதுவரை வரும்?" சமவெளியில் இதை யாரும் கேட்க மாட்டார்கள். மலையில் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே, இதே மலைத்தொடரைச் சேர்ந்த அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. சாலை இல்லாததால் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதி வழியிலேயே நின்றது. மீதி வழியைத் தாய் நடந்தே, சுமந்து கடந்தார்.

எந்தப் பயிற்சியும் எந்த சாப்ட்வேரும் சாலை போட்டுவிடாது. அது அரசின் வேலை. 108 சேவையில் பைக் ஆம்புலன்ஸ்கள் 2016ல் வந்தன. மலைக் கிராமங்களுக்கென்றே இரு சக்கர வண்டிகள் 2025ல் தரப்பட்டன. ஆனால் பைக்கை அனுப்புவதா, பெரிய வண்டியை அனுப்புவதா, நோயாளியை எந்த இடத்துக்குத் தூக்கி வரச் சொல்வது, கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் சொல்ல முடியுமா என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தே அமையும்.

புள்ளி மாறினால் 44 கிலோமீட்டர்

"ஜிபிஎஸ் எண்ணைச் சொல்லிவிட்டால் போதாதா?" என்று கேட்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் அதையும் சரியாக வாங்கிக் கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜவ்வாது மலையில் உலகறிந்த இடம் ஒன்று உண்டு. அது காவலூரில் உள்ள வைணு பாப்பு வானியல் ஆய்வகம். அதன் அட்சரேகை 12 டிகிரி 34 நிமிடம், தீர்க்கரேகை 78 டிகிரி 50 நிமிடம். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம் என்பதால், தசம முறையில் இது 12.567, 78.833 என்று வரும். போனில் ஒருவர் "12, 34... 78, 50" என்று சொல்ல, கேட்பவர் 12.34, 78.50 என்று டைப் செய்தால் வரைபடக் குறி சுமார் 44 கி.மீ. தள்ளி, ஊத்தங்கரைப் பக்கம் போய் விழும். மலையும் மாறிவிடும், மாவட்டமும் மாறிவிடும்.

இது கற்பனைச் சிக்கல் அல்ல. கூகுள் மேப்ஸ் தசம முறையில் காட்டுகிறது. ஐபோனில் உள்ள காம்பஸ் டிகிரி, நிமிடம், விநாடி என்று காட்டுகிறது. "நீங்கள் சொன்னதில் புள்ளி இருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தக் கேள்வி தானாக நாக்கில் வர, பத்து இருபது முறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில்

அவசரத்துக்கென்று ஒரே எண் என்ற ஏற்பாடு லண்டனில் 1937 ஜூன் 30 அன்று 999 என்ற எண்ணோடு தொடங்கியது. அமெரிக்காவின் முதல் 911 அழைப்பு 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் என்ற சிறிய ஊரில் பேசப்பட்டது. நீண்ட காலம் போனை எடுப்பவரின் வேலை செய்தியை வாங்கி அடுத்தவருக்குத் தருவதோடு முடிந்தது.

1970களின் இறுதியில் சால்ட் லேக் சிட்டியின் தீயணைப்புத் துறையில் இருந்த டாக்டர் ஜெஃப் கிளாசன் இதை மாற்றினார். எந்தப் புகாருக்கு எந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, வண்டி வரும்வரை என்ன செய்யச் சொல்வது என்று அட்டைகளில் எழுதி வைத்தார். இடம், திரும்ப அழைக்க எண், என்ன நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா என்று கேள்விகள் ஒழுங்காகப் போகும். அந்த அட்டைகள் பிறகு சாப்ட்வேர் ஆயின. இந்த முறைக்கு அங்கே மூன்று நாள் வகுப்பும் தேர்வும் உண்டு. சான்றிதழை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

மூச்சு நின்றவரின் நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தும்படி போனிலேயே எண்ணிச் சொல்லி, அருகில் இருப்பவரைச் செய்ய வைப்பதும் இந்தப் பயிற்சியில் அடங்கும். நம் மலைகளுக்குப் பாம்புக்கடி அட்டை இன்னும் அவசியம். கடித்த காலை அல்லது கையை அசைக்காதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். பதறுகிறவருக்கு இந்த ஐந்து வரியை அமைதியான குரலில் சொல்வதே ஒரு கலை.

தொழில்நுட்பமும் முன்னேறி வருகிறது. அவசர எண்ணை அழைத்ததும் போன் தானாகவே தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தை மையத்துக்கு அனுப்பும் முறை 2014ல் பிரிட்டனில் வந்தது. 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் ஸ்மார்ட்போன்களில் அது கட்டாயம். இந்தியாவில் ஆண்ட்ராய்டு போன்களுக்கு இது 2025 இறுதியில் உத்தரப் பிரதேசத்தில் தொடங்கியது. ஆனால் சாதாரண பட்டன் போன் வைத்திருப்பவருக்கும், வானம் தெரியாத பள்ளத்தில் நிற்பவருக்கும் இது உதவாது.

பயிற்சிக்கும் கம்ப்யூட்டர் போதும்

சாப்ட்வேர் எழுதுகிறவர்கள் புதிய புரோகிராமை வெளியிடும் முன் சோதித்துப் பார்க்கிறோம். அழைப்பை எடுப்பவருக்கும் அதே வாய்ப்பு வேண்டும். பெரிய செலவு இல்லை. பெயர்களை நீக்கிய பழைய அழைப்புப் பதிவுகள், மலைக் கிராமங்களின் வழக்குப் பெயர்கள் அடங்கிய ஒரு டேட்டாபேஸ், வண்டி நிற்கும் எல்லைகள் குறித்த வரைபடம், இவற்றோடு ஒரு சாதாரண பிசி போதும். ஒருவர் அழைப்பவராக நடிக்க, மற்றவர் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். மாதம் ஒருநாள் இப்படி ஒத்திகை பார்த்தால், நம்மியம்பட்டும் வீரப்பனூரும் சென்னையில் இருப்பவருக்கும் பழகிய பெயர்களாகிவிடும். அந்த டேட்டாபேஸை மலையில் வேலை செய்யும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களையும் செவிலியர்களையும் கேட்டே நிரப்ப முடியும். அவர்களுக்குத் தெரியாத பாதை இல்லை.

வண்டி வாங்கினால் கொடியசைத்துத் தொடங்கி வைக்கலாம். பயிற்சிக்குக் கொடியசைப்பு கிடையாது. ஆனால் வண்டி சரியான இடத்துக்குப் போவது பயிற்சியால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* மலைக்குப் போகும் முன் வீட்டு வை-ஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, அந்தப் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் டவுன்லோடு செய்து கொள்ளுங்கள். இண்டர்நெட் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

* நீங்கள் நிற்கும் இடத்தை வரைபடத்தில் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் தெரியும். புள்ளியையும் சேர்த்துப் படியுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் சொன்னால், குறி சுமார் 11 மீட்டருக்குள் விழும்.

* உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாமல் போனில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று தெரிந்தால் 112ஐ அழையுங்கள். அங்கே கிடைக்கும் வேறு நெட்வொர்க் வழியாக அது போகும். தமிழ்நாடு 2019 பிப்ரவரியில் 112 திட்டத்தில் சேர்ந்தது.

* மாவட்டம், பக்கத்துப் பெரிய ஊர், கிராமம், அடையாளம் என்ற வரிசையில் இடத்தைச் சொல்லுங்கள். வண்டி எதுவரை வரும் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

* கேள்வி மேல் கேள்வி கேட்கிறாரே என்று கோபப்பட்டு போனை வைத்துவிடாதீர்கள். அவர் 'போதும்' என்று சொல்லும்வரை லைனில் இருங்கள்.

* வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டு முகவரியையும் அருகில் உள்ள அடையாளத்தையும் சொல்லிப் பழக்குங்கள். போனை எடுப்பவருக்குத் தேவைப்படும் பயிற்சியில் பாதி, அழைப்பவருக்கும் தேவைதான்.