அடுத்த வசனம் யாருக்கு?

போன மாதம் தூத்துக்குடியில் சித்தப்பா வீட்டில் ஓர் இரவு தங்கினேன். எட்டு மணிக்கு டிவியை அணைத்தார்கள். கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். சித்தி ஒரு கீர்த்தனையை எடுத்துக்கொடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடினோம். அன்றைய பகுதி 34-ம் சங்கீதம். எங்கள் பக்கத்துக் குடும்ப ஜெபத்தின் வழக்கமான முறைதான்: வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வசனம்.

முதல் வசனம் சித்தப்பா. அடுத்து சித்தி, மகன், மருமகள். ஐந்தாவது ஆள் பேரன். ஒன்பதாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிற பையன். எழுத்துக் கூட்டி இரண்டு சொல் வாசித்தான். மூன்றாவது சொல்லில் நின்றுவிட்டான். காது சிவந்துபோனது. "இங்கிலீஷ் பைபிள்ல வாசிக்கட்டா தாத்தா?" என்றான். "இருக்கட்டும்பா, அம்மா வாசிப்பா" என்றார் சித்தப்பா. மருமகள் வாசித்தாள். ஆறாவதாக நான்.

இரண்டாம் சுற்றில் யாரும் அவன் பக்கம் திரும்பவே இல்லை. மருமகள் 10-ம் வசனத்தை முடித்ததும் 11-ம் வசனத்தை நானே வாசித்துவிட்டேன். தாவீது பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு, தேவபயத்தைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் வசனம் அது. கணக்குப்படி அது அவன் முறை.

அந்தச் சங்கீதத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. எபிரெய மூலத்தில் அது அகரவரிசையில் அமைந்த பாட்டு. எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு மனப்பாடம் செய்ய வசதியானது. எழுத்தையே ஏணியாக்கிய பாட்டின் முன்னால் ஒரு பிள்ளை எழுத்துத் தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். விசுவாசம் நாளுக்கு நாள் எப்படி வளர்கிறது என்று எழுத உட்கார்ந்தால், அந்தச் சிவந்த காதுதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

வரிசையை விடாத ஆச்சி

என் ஆச்சி சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர்க்காரி. பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. திடப்படுத்தலுக்கு ஆயத்தமானபோது உபதேசியார் நடத்திய ராத்திரி வகுப்பில், அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து எழுத்துக் கற்றவள். அந்த எழுத்து அவளுக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் தேவைப்பட்டது: வேதத்தை வாசிக்க.

பனைக்காலத்தில் தாத்தா விடியுமுன்னே மரத்துக்குப் போய்விடுவார். பதநீர் வந்து, கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் அடுப்பு மூளுவதற்குள் ஆச்சி ஓர் அதிகாரம் வாசித்துவிடுவாள். ராத்திரி குடும்ப ஜெபத்தில் இன்னொன்று. விரல் வரிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். சத்தமாகத்தான் வாசிப்பாள்; மனசுக்குள் வாசிக்க அவளுக்கு வராது. 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு இரண்டு வீதம் ஒன்றரை வருஷமும் ஒன்றரை மாதமும் ஆகும். வெளிப்படுத்தின விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் ஆதியாகமம் முதல் அதிகாரம் ஆரம்பித்துவிடும்.

ஒரு தடவை தாத்தா மரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. மறுநாள் ராத்திரி வீடு முழுக்கச் சனம். 91-ம் சங்கீதத்தை எடுத்து வாசி என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஆச்சி அடையாளம் வைத்திருந்த இடத்தைத்தான் திறந்தாள். லேவியராகமம். எந்தப் பாவத்துக்கு எந்தப் பலி என்ற முறைமைகள். அதைத்தான் நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பிறகு முழங்காலில் நின்று அழுது ஜெபித்தாள். "ஏன் ஆச்சி, ஆறுதலா ஒண்ணு வாசிச்சிருக்கலாம்லா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"வரிசைய விட்டுட்டா நமக்குப் பிடிச்சதைத்தாம்ல வாசிப்போம். அவரு சொல்லணும்னு நெனச்சத எப்ப கேக்கது?"

வேதவாசிப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அவளுடைய ஜெபத்துக்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் ஸ்தோத்திரம். பிறகு அன்றைய குற்றங்கள். பிறகு ஊருக்கு மழை, சபை ஐயருக்குச் சுகம், பம்பாயில் வேலைக்குப் போன பிள்ளைகள். வீட்டுத் தேவை கடைசியில்தான் வரும். அந்தப் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரும் தவறாமல் வரும். எல்லைப் பனை ஒன்றுக்காக இரண்டு வீட்டுக்கும் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் அவள் பெயரைச் சொல்லி, அவள் பிள்ளைகளைச் சொல்லி ஆச்சி ஜெபிப்பாள். ஒரு நாள் காலையில் ஓலைக்கொட்டானில் கருப்பட்டியை வைத்துக்கொண்டு அந்த வீட்டுப் படியேறிப் போனாள். யாரும் சமரசம் பேசவில்லை. ஒருத்தியின் பெயரைத் தினமும் ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டே எத்தனை நாளைக்கு அவளோடு பேசாமல் இருக்க முடியும்?

விசுவாசம் வளர்வது என்று நான் சொல்வது இந்தப் படியேற்றத்தைத்தான். அது கண்காட்சியாக வருவதில்லை. ஒரே புத்தகம், ஒரே பாய், ஒரே நேரம் என்று வருஷக்கணக்கில் செய்த ஒன்று, ஒரு நாள் காலையில் கால்களுக்கு வந்துவிடுகிறது.

அட்டையில் வராத சங்கீதம்

இன்று அதிகாலையிலேயே போன் சிணுங்குகிறது. ரோஜாப்பூப் படத்தின் மேல் ஒரு வசனம். மாமா அனுப்புவார், அத்தை அனுப்புவாள், சபைக் குழுவில் நாலு பேர் அனுப்புவார்கள். கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டுப் பல் துலக்கப் போகிறோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை வாங்குகிறோம். அது வருஷம் முழுக்க பீரோக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.

நாளுக்கொரு வசனம் என்பது நல்ல மரபு. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவியச் சபையார் சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களை 1731-ம் ஆண்டிலிருந்து தினக் கையேடாக அச்சிட்டு வருகிறார்கள். மூன்று நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆனால் வேதத்தை வரிசையாக வாசிக்கிறவர்களின் கைக்கு அந்த வசனம் போனது. நம் வீடுகளில் வாசிப்பு நின்ற இடத்தில் வசனம் வந்து உட்கார்ந்துவிட்டது.

எரேமியா 29-ம் அதிகாரம் 11-ம் வசனத்தை எடுத்துக்கொள்வோம். அட்டைகளில் அடிக்கடி வரும் வசனம். தேவன் நம்மைக் குறித்துத் தீமை நினைக்கவில்லை, நல்ல முடிவைத் தர நினைக்கிறார் என்ற ஆறுதல். இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்கு அனுப்புகிறோம், விசாவுக்குக் காத்திருக்கிறவருக்கு அனுப்புகிறோம். அது பாபிலோனில் சிறையிருந்த ஜனத்துக்கு எரேமியா எழுதிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் ஆகும் என்கிறது. கடிதம் கிடைத்த பெரியவர்களில் பலர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க முடியாது. அதுவரை என்ன செய்வது? அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார் எரேமியா. அதிகாரத்தை முழுக்க வாசித்தவனுக்கு அந்த வசனம் 70 வருஷம் தாங்கும். அட்டையில் மட்டும் பார்த்தவனுக்கு அடுத்த இன்டர்வியூவரைதான் தாங்கும்.

88-ம் சங்கீதம் எந்த அட்டையிலும் வந்து நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிகிற பாட்டு அது. சாவு வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரியில், வேதத்திலேயே இப்படி ஒரு புலம்பலுக்கு இடம் இருக்கிறது என்று தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய துணை! சங்கீதங்களை ஒன்றிலிருந்து 150 வரை விடாமல் வாசிக்கிறவர்களுக்குத்தான் அந்தத் துணை முன்னமே கிடைத்திருக்கும்.

மணலில் எழுதிய விரல்

1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். 1715-ல் தமிழ் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழி எதிலும் அதற்குமுன் புதிய ஏற்பாடு அச்சேறியதில்லை. வேதம் அவரவர் பாஷையில் அவரவர் கையில் இருக்க வேண்டும் என்ற ஒரே பிடிவாதத்தில் நடந்த காரியம். மணலில் விரல் வைத்து அவர் தொடங்கியதன் மறுமுனையில்தான் ஆச்சியின் விரல் வரிக்கு அடியில் ஊர்ந்தது.

பிற்பாடு எத்தனையோ பேர் திருத்தித் திருத்தி எழுதினார்கள். 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பைத்தான் இன்றும் பெரும்பாலான சீர்திருத்த சபைகளில் வாசிக்கிறார்கள். ஆச்சி ஜெபித்த சொல்லெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். கிருபை, இரக்கம், தயவு என்ற மூன்றுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். "எனக்கு நீடிய பொறுமையத் தாரும் ஆண்டவரே" என்று மருமகள்மேல் கோபம் வந்த அன்றைக்கு ஜெபிப்பாள். அந்தச் சொல் கிடைத்ததால்தான் தனக்கு எது குறைவு என்றே அவளுக்குத் தெரிந்தது.

ஜெபமும் வாசிப்பும் இரண்டு வேலை என்று நாம் நினைக்கிறோம். வாசித்த சொல்தான் முழங்காலில் நிற்கும்போது வாய்க்கு வருகிறது. வாசிப்பு வற்றினால் ஜெபமும் சுருங்கிவிடும். நல்ல மார்க், நல்ல வேலை, நல்ல சுகம் என்ற மூன்று வேண்டுதலுக்குள் அடங்கிவிடும்.

நாலாவது தலைமுறை

இங்கேதான் என் பயம் இருக்கிறது. ஆச்சி வேதத்துக்காக எழுத்துக் கற்றாள். எழுத்தின் அருமை தெரிந்ததால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். சித்தப்பா வாத்தியார் ஆனார். வாத்தியார் மகன் இன்ஜினீயர் ஆனான். இன்ஜினீயர் தன் மகனை, இரண்டாம் மொழியாகக்கூடத் தமிழ் எடுக்காதபடி, பெரிய பள்ளியில் சேர்த்தான். நாலாவது தலைமுறையில், ஆச்சியின் கொள்ளுப்பேரன் ஆச்சியின் வேதத்தை வாசிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறான்.

இது ஒரு வீட்டுக் கதை என்று தேற்றிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நகரத்துக் கோயில்களில் தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் திரையில் போடுகிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்தைப் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். ஒரு வசனத்தை அப்படிச் சமாளித்துவிடலாம். ஓர் அதிகாரத்தை முடியுமா? யோபுவின் 42 அதிகாரங்களை?

தேவனுக்கு எல்லாப் பாஷையும் தெரியும், பிள்ளை ஆங்கிலத்தில் வாசித்தால் என்ன, ஒலி வேதாகமம் இருக்கிறதே, 1995-ல் வந்த திருவிவிலியம் எளிய தமிழில்தானே இருக்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவையும் நல்ல உதவிகள்தான். ஆனால் பாயில் உட்கார்ந்திருக்கிற ஆறு பேரில் ஒருவன் மட்டும் வேறு பாஷையில் ஆண்டவரைக் கேட்டால் அந்த வட்டம் அறுந்துபோகும். தாத்தாவின் ஜெபம் பேரனுக்குப் புரியாது. பேரன் எதைக் கேட்டு ஜெபிக்கிறான் என்று பாட்டிக்குத் தெரியாது. ஒரு வீட்டின் விசுவாசம் அடுத்த ஆளுக்குக் கைமாறுவது இந்த வட்டத்தில்தான். எளிய தமிழ் வேதாகமத்தைக் கையில் கொடுத்தாலும் எழுத்துத் தெரிந்தால்தானே வாசிப்பான்?

தப்பு பிள்ளைகளுடையது அல்ல. அவன் திக்கியபோது நாம்தான் அவனைத் தாண்டிப் போனோம். இரக்கப்பட்டுத்தான் தாண்டினோம். அந்த இரக்கம்தான் அவனை வட்டத்துக்கு வெளியே வைத்தது.

திக்கட்டும், காத்திருப்போம்

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. குடும்ப ஜெபத்தில் யார் முறையையும் தாண்டாதீர்கள். பிள்ளை ஒரு வசனத்துக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டால் அன்றைக்கு நாலு வசனம் போதும். 117-ம் சங்கீதத்தில் இரண்டே வசனம்தான், அதில் தொடங்கலாம். 119-ம் சங்கீதம் 176 வசனம் என்று மலைக்க வேண்டாம். எட்டெட்டு வசனமாக 22 பகுதி, நாளுக்கொரு பகுதி எடுத்தால் மூன்று வாரம். நீதிமொழிகளில் 31 அதிகாரம். அன்றைய தேதிதான் அன்றைய அதிகாரம். கதை கேட்கிற வயது என்றால் மாற்கு எழுதின சுவிசேஷம் 16 அதிகாரம்தான், வேகமாக ஓடும்.

வாசித்து முடித்ததும் அந்தப் பகுதியிலிருந்து ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பிள்ளை ஜெபிக்கட்டும். ஒரு சொல் போதும். ஆச்சிக்கு நீடிய பொறுமை கிடைத்ததுபோல அவனுக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும். கோயிலில் ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற அண்ணன்மாரும் அக்காமாரும் ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஆட்டம் பாட்டத்தோடு அரை மணி நேரம் எழுத்துக்கும் ஒதுக்கினால், ஒரே மே மாதத்தில் எத்தனை வீட்டு வட்டம் மறுபடி சேரும்!

தூத்துக்குடியிலிருந்து திரும்பியதும் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். "பெரியப்பா ஒரு தப்புப் பண்ணிட்டேன்யா. ஒன் வசனத்த நான் வாசிச்சிட்டேன்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ராத்திரி அவனே கூப்பிட்டான்.

இப்போது தினமும் ஒன்பது மணிக்குப் பேசுகிறோம். 34-ம் சங்கீதம், முதல் வசனத்திலிருந்து, நாளுக்கு ஒன்று. அவன் எழுத்துக் கூட்டுவான், நான் காத்திருப்பேன். நின்றால் அவனே அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குத் திரும்பி வருகிறான். முடித்ததும் ஒரு வரி ஜெபம். நேற்று 9-ம் வசனம் முடிந்தது. நாளை 11-ம் வசனம். அதை நான் வாசிக்க மாட்டேன்.