டயட் பாதியில் உடைந்துவிட்டதா? திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீங்க!

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம், ஞாயிற்றுக்கிழமை லீவு. திருப்பூர் பனியன் கம்பெனிகளின் வாரக் கணக்கு இதுதான். பல்லடம் சாலையில் இருக்கும் வீரபாண்டிக்கும் இதே கணக்குதான். வாரம் முழுக்க டிபன் பாக்ஸில் காய்கறியும் சுண்டலுமாக அடக்கி வாசித்தவர்களின் டயட்டுக்குச் சோதனை வருவதும் இந்த ஒன்றரை நாளில்தான்.

இரண்டு பரோட்டா, சால்னா, கூடவே ஒரு பிளேட் சில்லி சிக்கன். இதுவரை பெரிய பிரச்சினை எதுவும் இல்லை. அதற்கடுத்து மனதுக்குள் ஓடும் வசனம்தான் பிரச்சினை: "சரி, இன்னிக்கு டயட் போச்சு. நாளைக்கும் நல்லா சாப்பிட்டுட்டு, திங்கக்கிழமையில இருந்து ஒழுங்கா இருந்துக்கலாம்."

திங்கட்கிழமை வரும்போது ஷிப்மென்ட் நெருக்கடி வருகிறது. அடுத்த வாரம் ஊரில் ஒரு கல்யாணம். அதற்குள் தீபாவளி. இப்படித்தான் ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மாதமாக நீள்கிறது. இது ஏன் நடக்கிறது, விட்ட இடத்திலிருந்து திரும்பவும் தொடர்வது எப்படி? பார்க்கலாம்.

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?

இந்த மனநிலையை உளவியல் ஆய்வாளர்கள் 50 ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1975-ல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் ஆகிய இருவரும் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வைத்து, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்றார்கள்.

உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைவாகவே சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே! ஆனால் எப்போதும் டயட் பற்றியே யோசிப்பவர்கள், மில்க்‌ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். "எப்படியும் டயட் உடைஞ்சாச்சு, இனி என்ன?" என்ற எண்ணம்தான் காரணம். நம்ம ஊர்ப் பழமொழியில் சொன்னால், முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு!

பின்னர் ஹெர்மனும் ஜேனட் போலிவியும் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் எளிது: டயட்டைக் கெடுப்பது அந்தப் பரோட்டா அல்ல, 'போச்சு' என்ற அந்த ஒரு சொல்தான்.

கணக்குப் போட்டால் இது இன்னும் தெளிவாகும். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேரத் தோராயமாக 7,700 கலோரி கூடுதலாக வேண்டும். ஒருநாள் இரவு வழக்கத்தைவிட 800 கலோரி அதிகம் சாப்பிட்டால், கணக்குப்படி சேரக்கூடியது 100 கிராம் அளவுதான். அதையே 'திங்கட்கிழமை வரை' என்று நீட்டி ஐந்து வேளை சாப்பிட்டால் அது அரை கிலோ.

எடை மெஷின் பயமுறுத்துகிறதா?

"நூறு கிராம்னு சொல்றீங்க, ஞாயித்துக்கிழமை காலையில ஒன்றரைக் கிலோ ஏறிக் காட்டுதே?" என்று கேட்கலாம். மெஷின் பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது கொழுப்பு மட்டும் அல்ல.

மாவுச்சத்து உடலில் கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். சால்னாவிலும் சில்லி சிக்கனிலும் இருக்கும் உப்பும் தண்ணீரைத் தக்கவைக்கும். குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் இதில் பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். எனவே விருந்துக்கு மறுநாள் காலையில் எடை பார்ப்பது வீண் மனவருத்தம். மூன்று நான்கு நாள் கழித்துப் பார்ப்பதே சரியான கணக்கு.

அதற்காக அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. 2000-ம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் 195 பேரின் எடையைப் பண்டிகைக் காலத்துக்கு முன்பும் பின்பும் அளந்தது. சராசரி உயர்வு 0.37 கிலோதான். தாங்கள் ஏறியிருப்பதாக அவர்கள் நினைத்த அளவைவிட இது குறைவு. ஆனால், அந்தச் சிறு உயர்வு அடுத்து வந்த மாதங்களில் இறங்கவே இல்லை. ஒரு பண்டிகையால் பெரிய ஆபத்து இல்லை. ஒவ்வொரு பண்டிகைக்குப் பிறகும் பழைய பாதைக்குத் திரும்பாமல் இருப்பதே ஆபத்து.

தமிழ்நாட்டு நிலவரம்

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 40.4% பெண்களும் 37% ஆண்களும் உடல் நிறை குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் பெண்கள் 30.9%, ஆண்கள் 28.2%. தேசிய சராசரியைவிட நாம் வெகுதூரம் முன்னால் இருக்கிறோம், பெருமைப்பட முடியாத ஒரு விஷயத்தில்.

இன்னொன்றும் உண்டு. இந்தியர்களுக்கு எடை அதிகம் ஏறாமலே வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும். அதனால் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். கம்பெனியில் எங்கு பார்த்தாலும் இஞ்ச் டேப் கிடக்கும் ஊரில், இதை அளக்க ஒரு நிமிடம் போதும்.

மன உறுதி இல்லையா, தூக்கம் இல்லையா?

டயட் உடைந்ததும் எல்லோரும் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். ஆனால் உடலுக்குள் நடப்பது வேறு.

காலை 8.30 மணிக்குத் தொடங்கி இரவு வரை நீளும் 'ஒன்றரை ஷிப்ட்' திருப்பூருக்குப் புதிதல்ல. ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் விடிய விடிய வேலை நடக்கும். ஐரோப்பா, அமெரிக்கா பையர்களுக்குப் பதில் அனுப்பும் மெர்ச்சன்டைசர்களின் இரவும் சீக்கிரம் முடியாது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-ல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரண்டே இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28% கூடியது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18% குறைந்தது. 10 மணி நேரம் படுத்திருக்கவிட்ட இரவுகளோடு ஒப்பிட்டு எடுத்த கணக்கு இது. நைட் வேலை முடித்த மறுநாள் பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போவது ஏன் அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

எடை குறைந்த பிறகும் உடல் சும்மா இருப்பதில்லை. 2011-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆக, டயட்டில் இருப்பவருக்குப் பசி கூடுவது இயல்பு. அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வேளைதான் புது ஆரம்பம்

மாதம், வாரம், வருஷத் தொடக்கங்களில் 'டயட்' என்று கூகுளில் தேடுபவர்கள் கூடுவதை 2014-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். புதுக் கணக்கு தொடங்க ஒரு நல்ல நாள் பார்ப்பது மனித இயல்பு. தொடங்குவதற்கு அது உதவும். ஆனால், திரும்பி வருவதற்கு அந்த நாளை எதிர்பார்த்தால், இடையில் இருக்கும் ஒவ்வொரு வேளையும் லைசென்ஸ் கொடுத்த விருந்தாகிவிடும்.

திரும்பும் நேரம் அடுத்த வேளைச் சாப்பாடு. சனிக்கிழமை இரவு பரோட்டா என்றால், ஞாயிறு காலை வழக்கமான மூன்று இட்லி, சாம்பார். அவ்வளவுதான்.

ஒருநாள் தவறினால் பழக்கமே அழிந்துவிடுமா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியின் குழு 96 பேரிடம் இதை ஆராய்ந்தது. ஒரு புதுப் பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்களே போதும் என்றும், சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்றும் கணக்கிட்டார்கள். முக்கியமான தகவல் இது: இடையில் ஒருநாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

சாப்பிட்டதற்குத் 'தண்டனையாக' மறுநாள் பட்டினி கிடப்பதும் தவறு. காலை, மதியம் இரண்டையும் விட்டால், சாயங்கால டீ டைமில் கை தானாக வடைத் தட்டுக்குப் போகும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி, வாரம் அரை கிலோ குறைப்பதே பாதுகாப்பான வேகம். ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது.

வீரபாண்டி வாரத்துக்கு ஏற்ற திட்டம்

பெரும்பாலான டயட் சார்ட்கள் ஒழுங்காக ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. உங்கள் வாரம் அப்படி இல்லையென்றால், மாற்ற வேண்டியது சார்ட்டைத்தான்.

டீ டைம்: ஒரு டீயில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம். நாளைக்கு நான்கு டீ என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. முடிந்தவரை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவில் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விட வேண்டாம். "அண்ணா, சர்க்கரை கம்மி" என்றாலே பாதி வேலை முடிந்தது. பையில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ சுண்டலோ இருந்தால் வடையின் தேவையும் குறையும்.

மெஸ் சாப்பாடு: ஹாஸ்டலிலும் லைன் வீட்டிலும் தங்கியிருப்பவர்களால் மெனுவை மாற்ற முடியாது. அளவையும் வரிசையையும் மாற்றலாம். முதலில் பொரியல், பருப்பு, முட்டை. அதற்குப் பிறகு சோறு. இரண்டாவது முறை சோறு கேட்பதற்குப் பதில் பொரியல் கேளுங்கள்.

ஷிப்மென்ட் வாரம்: இந்த வாரத்தில் எடை குறைக்க முயல வேண்டாம். ஏறாமல் பார்த்துக்கொண்டாலே வெற்றி. ராத்திரி வேலை உறுதி என்றால், எட்டு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நள்ளிரவில் பசித்தால் மோர், வாழைப்பழம், வேகவைத்த முட்டை போதும்.

சனிக்கிழமை: பரோட்டா ஆசை இருந்தால் அதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். திட்டமிட்டுச் சாப்பிட்டால் அது மீறல் ஆகாது, 'போச்சு' என்ற எண்ணத்துக்கும் அங்கே வேலை இல்லை.

தீபாவளி லீவு: போனஸ் வாங்கிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போகும்போது டயட்டையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. "ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று அம்மா நீட்டும் அதிரசத்தை மறுக்கவும் வேண்டாம். ஒரே ஒரு விதி போதும்: திருப்பூர் வந்து இறங்கியதும் முதல் வேளை, பழைய சாப்பாடு.

கொள்ளு கொழுப்பைக் கரைக்குமா?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பதை நம்பி, தவறிய நாட்களை ஈடுகட்டக் கொள்ளுத் தண்ணீர் குடிப்பவர்கள் கொங்கு மண்டலத்தில் நிறைய உண்டு. கொள்ளு நேரடியாகக் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதமும், நல்ல அளவு நார்ச்சத்தும் இருக்கின்றன. வயிறு நிறையும், பசி தாமதமாகும். தண்ணீரை மட்டும் வடிகட்டிக் குடிக்காமல், கொள்ளுப் பருப்பாகக் கடைந்து சோற்றின் அளவைக் குறைத்துக்கொண்டால் பாட்டி சொன்னது பலிக்கும்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் திடீரெனக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எந்த டயட்டையும் தொடங்கக் கூடாது.

அடக்க முடியாமல் சாப்பிடுவது, பிறகு குற்ற உணர்ச்சியில் பட்டினி கிடப்பது அல்லது வாந்தி எடுப்பது என்ற சுழற்சி திரும்பத் திரும்ப நடந்தால், அது டயட் பிரச்சினை அல்ல. சிகிச்சை தேவைப்படும் ஒரு பிரச்சினை. மனநல மருத்துவரைப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனையை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். இஎஸ்ஐ அட்டை இருப்பவர்கள் இஎஸ்ஐ மருந்தகத்தில் கேட்கலாம்.

தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் யாரும் பீஸையே தூக்கி எறிவதில்லை. அறுந்த இடத்தில் ரெண்டு தையல் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுப்பார்கள். டயட்டுக்கும் அந்த ஒரு பழக்கம் போதும். இதை எந்தக் கிழமையில் படித்தாலும் சரி, அடுத்த வேளை எப்போது என்று மட்டும் பாருங்கள்.