கொசு வெறும் ஊசியாக இருந்த காலம்

சான் ரமோன் நகரமானது 1983இல்தான். அதற்கு முன் மாட்டுப் பண்ணைகளும் வால்நட், பேரிக்காய்த் தோப்புகளுமாக இருந்த பள்ளத்தாக்கு இது. இன்று அலுவலகக் கட்டடங்கள் நிற்கும் பிஷப் ராஞ்ச் அன்று தோப்பு. தமிழ்க் குடும்பங்கள் வரிசையாக வீடு வாங்கியிருக்கும் டோகர்ட்டி பள்ளத்தாக்கின் சரிவுகள் அன்று மேய்ச்சல் நிலம். அந்தக் காலத்துக் கலிஃபோர்னியப் பண்ணைக்காரர்களை மூளைக்காய்ச்சல் முதலில் அச்சுறுத்தியது குதிரைக் கொட்டிலில்தான்.

1930 கோடையில், இங்கிருந்து கிழக்கே குன்றுகளைத் தாண்டினால் வரும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் குதிரைகள் ஆயிரக்கணக்கில் நோயுற்றன. தள்ளாடி விழுந்தவற்றில் பல எழவேயில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த கார்ல் மேயர் என்ற ஆய்வாளருக்கு உயிர் போகும் தறுவாயில் உள்ள குதிரையின் மூளை தேவைப்பட்டது. பண்ணைக்காரர் ஒருவர் தர மறுத்தார். அவருடைய மனைவியிடம் பேசிவைத்து, அவர் உறங்கிய பின் உள்ளே போய்க் குதிரையின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடியதாக மேயர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். மேற்கத்திய குதிரை மூளைக்காய்ச்சல் வைரஸ் அந்த ஆண்டில்தான் பிடிபட்டது. அது எப்படிப் பரவுகிறது என்பதற்கு விடை கிடைக்க 1941 வரை ஆனது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் பிடித்த கியூலெக்ஸ் டார்சாலிஸ் கொசுக்களிலிருந்து வில்லியம் ஹேமனும் வில்லியம் ரீவ்ஸும் அந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். ரீவ்ஸ் பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அமர்ந்து, கலிஃபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில் பல பத்தாண்டுகள் கொசு பிடித்தார்.

அன்றைய கேள்வி ஒன்றுதான்: எந்தக் கொசு? நம் ஊரிலும் அதே கேள்விதான். 1955இல் வேலூர்ப் பகுதியில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டபோதும், 1964இல் சென்னையைச் சிக்குன்குனியா முடக்கியபோதும், குற்றவாளிக் கொசு எது, அது எங்கே முட்டையிடுகிறது என்றே தேடினார்கள். அது தெரிந்தால் மருந்தடிக்கலாம், குட்டையை மூடலாம். கொசு ஒரு பறக்கும் ஊசி. ஒருவர் உடலில் எடுத்ததை அடுத்தவர் உடலில் ஏற்றுகிறது. பெரும்பாலோர் மனத்தில் இருந்த படம் இதுதான்.

படம் தவறு என்பதற்கான சாட்சி பெர்க்லியிலேயே இருந்தது. வைரஸ் உள்ள ஒரே ரத்தத்தைக் குடித்த கொசுக்களில் சிலவற்றுக்கு மட்டும் தொற்று ஏறுவதும், சிலவற்றுக்கு ஏறாமலே போவதும் ரீவ்ஸுடன் வேலைசெய்தவர்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஹார்டி அதை விடவில்லை. வைரஸ் கலந்த ரத்தத்தைக் கொடுத்து, தொற்று ஏறாத கொசுக்களின் வழித்தோன்றல்களையே திரும்பத் திரும்பப் பெருக்கி, 1978இல் ஒரு கியூலெக்ஸ் டார்சாலிஸ் வம்சத்தையே உருவாக்கிக் காட்டினார். வைரஸைக் குடித்தாலும் அதற்கு எளிதில் தொற்று ஏறாது. எதிர்ப்பு பரம்பரையாக இறங்குகிறது என்றால், கொசுவுக்குள் ஏதோ வேலை நடக்கிறது. என்ன வேலை என்று அன்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மரபணு வரைபடம் இல்லாத காலத்தில், பொறுமையையும் கூண்டுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு கேட்கப்பட்ட கேள்வி அது.

இன்று அந்த உள்வேலையை ஓரளவு கண்ணால் பார்ப்பதுபோல் சொல்ல முடிகிறது. டெங்குக் காய்ச்சலில் படுத்திருப்பவரை ஒரு பெண் கொசு கடிக்கிறது. ரத்தம் நேரே நடுக்குடலுக்குப் போகிறது. ஓரிரு நாளில் அது செரிக்கத் தொடங்கிவிடும். அதற்குள் வைரஸ் குடற்சுவரின் செல்லுக்குள் நுழைந்தாக வேண்டும். நுழைந்து பெருகி, சுவரின் மறுபக்கம் வெளியேறி, உடலெங்கும் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து, கடைசியில் உமிழ்நீரில் கலக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் தடை இருக்கிறது. எல்லாவற்றையும் கடக்கப் பொதுவாக 8 முதல் 12 நாள். கொசுவின் ஆயுளோ சில வாரம்தான். பெரும்பாலான கொசுக்கள் வைரஸ் உமிழ்நீருக்கு வந்துசேரும் முன்பே செத்துவிடுகின்றன. ஆகவே நோய் பரப்புவது வயதேறிய கொசு.

அந்தத் தடைகளில் வலுவானது ஆர்.என்.ஏ. வெட்டு. டெங்கு, வெஸ்ட் நைல் இரண்டுமே ஆர்.என்.ஏ. வைரஸ்கள், தம்மைப் படியெடுக்கும்போது இரட்டை இழையாகின்றன. டைசர்-2 என்ற புரதம் அந்த இரட்டை இழையைக் கண்டுபிடித்து 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட்-2 என்ற இன்னொரு புரதம் ஒரு துண்டை அடையாளமாக எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் இழைகளைத் தேடித் தேடி வெட்டுகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2009இல் இந்த ஏற்பாட்டைக் கொசுவுக்குள் தற்காலிகமாக முடக்கிப் பார்த்தார்கள். டெங்கு வைரஸ் கூடுதலாகப் பெருகியது, உமிழ்நீருக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. இதற்கு ஓராண்டு முன் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜார்ஜ் டிமோபோலஸ் குழு, டோல் என்ற இன்னொரு எதிர்ப்புப் பாதையும் டெங்குவை அடக்குகிறது என்று காட்டியிருந்தது. கொசுவின் குடலில் வாழும் பாக்டீரியாக்களை ஆன்டிபயாட்டிக் கொடுத்து அழித்தால் வைரஸ் அதிகரித்தது. அந்தப் பாதையை விழிப்பாக வைத்திருப்பதில் அந்த பாக்டீரியாக்களுக்கும் பங்கு உண்டு.

இதைப் படிக்கிறவருக்கு ஒரு யோசனை வரும்: அப்படியானால் கொசுவின் எதிர்ப்பு முழுக்க நமக்கு நல்லதுதானே? இல்லை. வர்ஜீனியா டெக்கில் கெவின் மைல்ஸ் குழு 2008இல் செய்த சோதனையில், ஆர்.என்.ஏ. வெட்டைத் தடுக்கும் புரதத்தைச் சுமந்த வைரஸை ஏற்றியபோது, வைரஸ் கட்டுக்கடங்காமல் பெருகி, கொசுக்களே செத்தன. வழக்கமாகக் கொசு சாவதில்லை. காய்ச்சலும் இல்லை, சோர்வும் இல்லை. கடைசி மூச்சுவரை வைரஸோடு பறக்கிறது, கடிக்கிறது. கொசு தன்னைக் காத்துக்கொள்ளும் அதே எதிர்ப்புதான் அதை நீண்ட நாள் கடத்தியாகவும் வைத்திருக்கிறது. வைரஸை அறவே ஒழிக்காமல், தன்னைக் கொல்லாத அளவுக்கு அடக்குகிறது. இந்த அரைகுறை சமரசத்தின் விலையைத்தான் நம் பிள்ளைகள் மருத்துவமனையில் கொடுக்கிறார்கள். கொசு ஆய்வு முப்பது ஆண்டுகளில் கண்டறிந்தவற்றில் இதைவிட முக்கியமானது எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

மேயர் குதிரைத் தலையோடு ஓடிவந்த அதே சான் ஃபிரான்சிஸ்கோவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராவுல் ஆண்டினோ குழு 2017இலும் 2019இலும் இன்னும் ஆழமாகப் போனது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவின் மரபணுத் தொகுதிக்குள், பழைய தொற்றுகளில் வந்த வைரஸ் துண்டுகள் நூற்றுக்கணக்கில் பதிந்து கிடக்கின்றன. அவற்றிலிருந்து சிறு ஆர்.என்.ஏ.க்கள் உருவாகி, அதே இன வைரஸ் மீண்டும் வந்தால் எதிர்க்கின்றன. பாட்டிக்கு வந்த தொற்றின் சுவடு பேத்தியிடம் வேலை செய்யலாம் என்று பொருள். ஹார்டி கூண்டில் கண்ட எதிர்ப்புக்கு இதுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் எதிர்ப்பு பரம்பரையில் இறங்கும் ஒரு வழியாவது இப்போது தெரிகிறது.

வைரஸும் சும்மா இருக்கவில்லை. 1999இல் நியூயார்க்கில் நுழைந்த வெஸ்ட் நைல் வைரஸின் முதல் வகையைச் சில ஆண்டுகளில் வேறொரு வகை விரட்டிவிட்டது. புதியது கொசுவுக்குள் சில நாள் முன்னதாகவே உமிழ்நீரை எட்டிவிடும். 2004க்குள் அது கலிஃபோர்னியாவின் 58 மாவட்டங்களிலும் கால்வைத்துவிட்டது. 2007இல் கேரளத்தை உலுக்கிய சிக்குன்குனியாவிலும் இப்படி ஒரு மாற்றம்: ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதில், ரப்பர் தோட்டங்களில் மண்டிய ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவின் குடலுக்குள் வைரஸ் எளிதாக நுழைந்தது.

சான் ரமோனில் கோடைப் பகல் சுட்டெரிக்கும். இரவு வளைகுடாக் காற்று குளிர்த்திவிடும். இது நமக்குக் கிடைத்த பாதுகாப்பு. கியூலெக்ஸ் டார்சாலிஸ் கொசுவுக்குள் வெஸ்ட் நைல் வைரஸ் ஏறத்தாழ 14 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பெருகுவதில்லை என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ரைசன் குழு 2006இல் கணக்கிட்டது. சராசரி வெப்பம் 30 டிகிரி என்றால் ஒரு வாரத்தில் கொசு கடத்தத் தயார். 18 டிகிரியில் நான்கு வாரம் ஆகும், அதற்குள் பெரும்பாலான கொசுக்கள் இருக்காது. இரவுகள் சூடேறச் சூடேற இந்தப் பாதுகாப்பு கரையும்.

பூங்காவில் அந்தியில் நடந்துகொண்டிருந்த மதுரை அம்மா ஒருவர் என்னிடம் சொன்னார்: "நம்மூர்க் கொசுதான் தம்பி பொல்லாதது. இங்க கடிச்சா தடிப்போட சரி." அவர் சொன்னது ஒரு காலத்தில் பாதி உண்மையாக இருந்தது. 2013 வரை ஏடிஸ் எஜிப்டை கலிஃபோர்னியாவில் காலூன்றியிருக்கவில்லை. அந்த ஆண்டு ஃபிரெஸ்னோ பகுதியிலும், வளைகுடாவுக்கு அப்பால் மென்லோ பார்க்கிலும் தென்பட்டது. 2022 ஆகஸ்டில் நம் கான்ட்ரா கோஸ்டா மாவட்டத்தின் மார்ட்டினெஸில், 680 நெடுஞ்சாலையில் இங்கிருந்து அரைமணி நேரத் தூரத்தில் பிடிபட்டது. 2023இல் பாசடினாவிலும் லாங் பீச்சிலும் வெளிநாடே போகாதவர்களுக்கு டெங்கு வந்தது. மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மேலும் பலருக்கு. "அம்மா, நம்மூர்க் கொசுவே இங்க வந்தாச்சு" என்றேன். நின்று, காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எதிர்ப்பை நம் பக்கம் திருப்பும் முயற்சியில் நம் மண்ணுக்கும் பங்குண்டு. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸ் கொசுவுக்குள் குடியேற்றினால் டெங்கு வைரஸ் அதற்குள் தழைப்பதில்லை. கொசுவின் டோல் பாதையைத் தூண்டுவதும், வைரஸுக்கு வேண்டிய கொழுப்பைத் தானே எடுத்துக்கொள்வதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், உள்ளூர்க் கொசுவோடு கலப்புச் செய்து உருவாக்கிய இரண்டு வோல்பாக்கியா வம்சங்களை 2022இல் அறிவித்தது. ஹார்டி 1978இல் கூண்டுக்குள் வளர்த்த, நோய் கடத்தாத கொசு என்ற கனவு, தெருவுக்கு வரும் அளவுக்கு முதிர்ந்திருக்கிறது.

சான் ரமோனுக்கு இப்போதைக்கு வெஸ்ட் நைல்தான் நெருங்கிய கவலை. தொற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு ஒன்றும் தெரியாது. ஏறத்தாழ 150 பேரில் ஒருவருக்கு மூளையையோ நரம்பையோ தாக்கும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல், மனிதருக்குத் தடுப்பூசி இல்லை. ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவது பெரும்பாலும் கோடையில். அவர்கள் நடக்கப் போவது வெயில் தாழ்ந்த பின். கியூலெக்ஸ் கடிக்கக் கிளம்புவதும் அப்போதுதான். முழுக்கைச் சட்டையும் டீட் கலந்த களிம்பும் அந்த நேரத்துக்குப் போதும். பூந்தொட்டித் தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிட்டால், புழு கொசுவாகவே மாறாது. வைரஸ் உமிழ்நீரை எட்டும் வயதுவரை வாழ அங்கிருந்து ஒரு கொசுவும் கிளம்பாது. பராமரிக்காமல் பச்சை பிடித்த நீச்சல் குளம் பக்கத்து வீட்டில் இருந்தால், காங்கார்டில் உள்ள கான்ட்ரா கோஸ்டா கொசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஆள் வந்து பார்ப்பார்கள். அலங்காரக் குளத்துக்குக் கம்பூசியா மீனும் கொடுப்பார்கள், கட்டணம் கிடையாது.