பெயர் நம் கையில் இருக்கட்டும்

மலேசியாவின் மூவாரில் மேசை நாற்காலி செய்யும் ஒரு பட்டறைக்காரர் தம்மிடம் உள்ள மாதிரிகளையும் விலையையும் இணையத்தில் வைக்க விரும்பலாம். அதே ஊரின் ஜாலான் காலிடி தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் பழைய படங்களைத் தொகுத்து வைக்க எண்ணலாம். இரண்டையும் பைத்தான் மொழியில் எழுதிய ஒரு சிறு செயலி செய்து முடிக்கும். ஆனால் பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும், சொந்தத் தளம் என்றால் சொந்த சர்வர் வேண்டும், அதற்குப் பெரும்பணம் ஆகும் என்று நினைத்து முகநூல் பக்கத்தோடும் புலனக் குழுவோடும் பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. பட்டறையும் பள்ளிப் பதிவகமும் மாத வாடகைக்கு எடுத்த ஒரே சிறு கணினியில், ஒரே ஐபி முகவரியில், தனித்தனிப் பெயரோடு இயங்க முடியும். அதற்கு வேண்டியது இருபது வரிகூட நிறையாத ஓர் அமைப்புக் கோப்பு. அதன் பெயர் விர்ச்சுவல் ஹோஸ்ட்.

இணையத்தின் தொடக்கக் காலத்தில், உலாவி சர்வரை அணுகும்போது எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் கேட்டது. எந்தத் தளத்தின் பக்கம் என்று சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு பெயருக்கும் தனி ஐபி முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 நெறிமுறை, கேட்கும் தளத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வதைக் கட்டாயமாக்கியது. மூவாரின் ஜாலான் மகாராணித் தெருவில் ஒரே கடைவீட்டு எண்ணில் மூன்று வணிகங்கள் இருந்தால், தபால்காரர் உறையில் உள்ள பெயரைப் பார்த்துத்தானே கடிதத்தைக் கொடுப்பார்? அதுபோலத்தான் இதுவும். இந்த மாற்றம் வந்திராவிட்டால் சிறியவர்களுக்கு இணையத்தில் இடமே கிடைத்திருக்காது. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 4.3 பில்லியன், ஆசிய பசிபிக் வட்டாரத்தின் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. பூட்டுக்குறியுள்ள பாதுகாப்பான தளங்களுக்கு மட்டும் தனி முகவரி என்ற நிபந்தனை மேலும் சில காலம் நீடித்தது. பாதுகாப்பு இணைப்பின் முதல் படியிலேயே பெயரைச் சொல்லிவிடும் எஸ்என்ஐ முறை 2003இல் வரையறுக்கப்பட்டு, உலாவிகளெல்லாம் அதை ஏற்ற பிறகு அந்தத் தடையும் நீங்கியது.

பைத்தான் செயலிக்கு இதில் இன்னொரு படி உண்டு. அப்பாச்சி போன்ற வலைச் சர்வருக்குத் தானாகப் பைத்தான் தெரியாது. சர்வரும் செயலியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை விஸ்கி என்ற உடன்பாடு 2003இல் வகுத்தது; ஆஸ்திரேலியரான கிரஹாம் டம்பிள்டன் எழுதிய மாட்-விஸ்கி அதை அப்பாச்சிக்குள் கொண்டுவந்தது. ஆக, கோப்பில் எழுத வேண்டியவை இவைதாம்: இந்தத் தளத்தின் பெயர் இது, படங்களும் வடிவமைப்புக் கோப்புகளும் இந்த அடைவில் உள்ளன, அவற்றை நேராகக் கொடு, மற்ற எல்லா வேண்டுகோளையும் இந்தப் பைத்தான் கோப்பிடம் அனுப்பு, அந்தச் செயலியை இந்தப் பயனர் பெயரில், இந்தத் தனிப் பைத்தான் சூழலில் ஓட்டு.

வரிகள் குறைவுதான், ஆனால் எழுதுகிறவர் கவனமாக இருக்க வேண்டும். கேட்ட பெயர் எந்தக் கோப்பிலும் இல்லாவிட்டால், அப்பாச்சி பிழை என்று சொல்லாது. அந்த முகவரிக்கு முதலாவதாகப் படித்த விர்ச்சுவல் ஹோஸ்டையே காட்டிவிடும். உபுண்டு இயங்குதளத்தில் இயல்பாக வரும் கோப்பின் பெயர் மூன்று சுழியங்களோடு தொடங்குவது அதனால்தான்: அகரவரிசையில் அது முந்திக்கொள்ளும். பட்டறையின் பெயரில் ஓர் எழுத்து பிசகினால், வாடிக்கையாளருக்குப் பள்ளிப் பதிவகம் திறக்கக்கூடும். இதைவிட மோசமான பிழை ஒன்றும் உண்டு. பைத்தான் நிரல்களையே பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அடைவில் வைத்துவிட்டால், அமைப்பில் சிறு தவறு நேர்ந்தாலும் கடவுச்சொல் எழுதிய கோப்பு அப்படியே உலாவியில் விரியும். நிரல் ஓரிடம், படங்கள் வேறிடம் என்பது மீறக் கூடாத விதி.

இலவச மேடைகள் இருக்கும்போது இந்தப் பாடெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. அதற்கு மலேசியத் தமிழர்களின் அனுபவமே பதில் சொல்கிறது. சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த மருத்துவர் ஜெயபாரதி யாஹூவில் அகத்தியர் என்ற குழுமத்தை நடத்தினார். தமிழிலக்கியம், வரலாறு, சமயம் பற்றி ஏராளமான மடல்கள் அங்கே சேர்ந்தன. யாஹூ நிறுவனம் 2019இல் குழுமங்களின் பழைய மடல்களை நீக்கப்போவதாக அறிவித்தது. 2020 டிசம்பரில் அந்தச் சேவையையே மூடியது. எழுதியவர்கள் நம்மவர்கள், எழுத்தும் நம்முடையது, கதவைச் சாத்தும் உரிமை மட்டும் வேறொருவரிடம் இருந்தது. சொந்த டொமைன் பெயர் இருந்தால், வாடகைச் சர்வர் மூடினாலும் தரவையும் அந்த இருபது வரிக் கோப்பையும் எடுத்துக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம். வாசகர் அதே பெயரைத் தட்டி அதே இடத்துக்கு வருவார். முகநூலை விட வேண்டும் என்பதல்ல என் வாதம். அது விளம்பரப் பலகையாக இருக்கட்டும், மூலம் நம்மிடம் இருக்கட்டும்.

பாதுகாப்பை யார் பார்ப்பது என்ற தயக்கத்தை அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியாது. கவனிப்பாரற்ற சர்வர் ஆபத்தானது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைக்கும் வணிகருக்கு அவற்றைக் காக்கும் கடமையும் உண்டு. ஆனால் செய்ய வேண்டியவை எண்ணிவிடக் கூடியவை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது, புதுப்பிப்பதையும் தானாக நடக்கும்படி அமைக்கலாம். ஜாங்கோ என்ற பைத்தான் கட்டமைப்பில் எழுதிய செயலி, தான் ஏற்கும் தளப்பெயர்களின் பட்டியலைக் கேட்கும். அதில் எல்லாவற்றையும் அனுமதிக்கும் நட்சத்திரக் குறியைப் போடாமல் சொந்தப் பெயரை மட்டும் எழுத வேண்டும். மூவார் மாவட்டத்தின் பாகோ உயர்கல்வி மையத்தில் பல்கலைக்கழக வளாகங்களும் ஒரு பாலிடெக்னிக்கும் இயங்குகின்றன. அங்கே கணினியில் நாட்டமுள்ள ஒரு மாணவரை அழைத்துப் பொறுப்புக் கொடுத்தால், அவருக்கும் அது நல்ல பயிற்சி. இப்போது எல்லாம் கிளவுட் மயமாகிவிட்டதே என்பாரும் உண்டு. அங்கேயும் வாசலில் நின்று பெயரைப் பார்த்து வழிவிடும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்தக் கோப்பைப் புரிந்துகொண்டவருக்கு அதுவும் புரியும்.

தமிழிலேயே பெயர் வைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே முகவரி ஈறுகள் உள்ளன. ஆனால் உலாவி தமிழ்ப் பெயரை அப்படியே அனுப்புவதில்லை. பியூனிகோடு என்ற முறைப்படி எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளும் முன்னே நிற்கும் ஒரு வடிவமாக மாற்றி அனுப்புகிறது. விர்ச்சுவல் ஹோஸ்டிலும் ஜாங்கோவின் பட்டியலிலும் அந்த மாற்று வடிவத்தையே எழுத வேண்டும். தமிழிலேயே எழுதிவிட்டு, தளம் திறக்கவில்லை என்று தமிழின் மேல் பழி போட வேண்டாம். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்தது மலேசியா. 2001இல் தமிழ் இணைய மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியதும் மலேசியா. கணினியில் தமிழை எழுத வழிகாட்டிய இந்தச் சமூகத்துக்கு, அந்த எழுத்தைத் தன் பெயரிலேயே வைத்துக் காக்கும் திறம் எட்டாததல்ல.

உங்கள் சங்கமோ பள்ளியோ கடையோ ஏற்கெனவே தளம் வைத்திருந்தால், அடுத்த கூட்டத்தில் ஒன்றைக் கேளுங்கள்: டொமைன் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? தளத்தை அமைத்துக் கொடுத்தவரின் சொந்தக் கணக்கில் இருந்தால், உடனே அமைப்பின் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விர்ச்சுவல் ஹோஸ்ட் கோப்பின் நகல் ஒன்றையும் வாங்கிச் செயலாளரிடம் கொடுத்துவையுங்கள்.